நிற்கத் தெரியாத நீலாப்போடி

எந்த இடத்துக்குப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது அங்கிருந்து வெளியே போகிற வழியைத்தான். தேத்தண்ணிக் கடையில் கதிரைகள் காலியாகக் கிடந்தாலும் வாசலோரம் நின்றுகொண்டே குடிப்பார். "இருங்களன் அண்ணன்" என்றால், "இல்ல, நான் வெளிக்கிடப் போறன்" என்பார். வெளிக்கிடப் போகிறவர் சில நாட்களில் ஒரு மணித்தியாலம்கூடக் கதைத்துக்கொண்டு நிற்பார். ஆனால் அவ்வளவு நேரமும் ஒரு கால் கடைக்குள்ளும் ஒரு கால் தெருவிலுமாக இருக்கும். தன்னுடைய சின்ன லொறியை எங்கே விட்டாலும், பின்னுக்கு எடுத்துத் திருப்பி, முகப்பு றோட்டைப் பார்க்கிற மாதிரித்தான் விடுவார். கோயில் வாசலிலும் அப்படித்தான். செத்த வீட்டிலும் அப்படித்தான்.

ஆளைப் பார்த்தால் இதெல்லாம் ஒருவருக்கும் தெரியாது. ஆறடிக்கு மேல் உயரம். நெல் மூடை சுமந்து அகன்ற தோள். நரைத்தும் அடர்த்தி குறையாத மீசை. இடது புருவத்தை இரண்டாகப் பிரிக்கிற ஒரு பழைய தழும்பு. ஒரு கூட்டத்தில் அவர் நின்றால், அறிமுகமில்லாதவர்கள் அவரைத்தான் தலைவர் என்று நினைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தே பேசுவார்கள். பேச்சை முடித்துவிட்டுப் பார்த்தால் ஆள் அங்கே இருக்கமாட்டார்.

கிரானில் இருந்தார். நெல், செங்கல், மணல், கிடுகு, கலியாண வீட்டுக் கதிரை, எது கிடைத்தாலும் ஏற்றி இறக்குவார். போன வருடம் நெஞ்சுவலி வந்து காலமானார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏறிக்கொண்டிருக்கும்போதே போத்தலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாட்டு வாசல் வரை போய் நின்றாராம். தாதிதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாராம். மரண அறிவித்தலில் அச்சடித்திருந்த படம் நாங்கள் எடுத்த சினிமாவிலிருந்து வெட்டியது. தலைப்பாகை கட்டி, தோளில் மண்வெட்டியோடு இருந்தார். மதிலில் அதைப் பார்த்த இரண்டு பேர், செத்த வீட்டுக்குப் போகிற வழியிலேயே, அந்த வேசம் அவருக்குப் பொருந்தினதா இல்லையா என்று வாக்குவாதப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. நானும் அதில் ஒரு பக்கத்தைச் சேர்ந்தவள்தான்.

படத்தில் தன் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டிருந்தார். அதனால் இங்கேயும் போடவில்லை.

நான் ஒரு ரியூசன் வகுப்பில் தமிழ் படிப்பிக்கிறேன். வாழைச்சேனையில் கலியாண வீடியோ எடுக்கும் சுதன், எங்கள் ஊர்க் கோயிலுக்காக நீலாப்போடியாரின் கதையைப் படமாக எடுக்கப் போவதாகவும் வசனம் எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டபோது, யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன். குருக்கள்மடத்துக்கு அங்கால் உள்ள எங்கள் ஊரில், நீலாப்போடியார் கதை தெரியாத பிள்ளையே கிடையாது. போடியார் என்றால் எங்கள் பக்கத்தில் நிறைய வயல் உள்ள பெரிய மனிதர்.

வன்னியனார் ஆண்ட காலத்தில் ஒரு மாரி, விடாமல் மழை பெய்து வாவி பெருகிவிட்டதாம். வாவி கடலில் விழுகிற வாயை மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்குள் வடிந்துவிடும். ஆனால் அந்தக் கரையில்தான் வன்னியனாரின் உப்புப் பட்டறைகள் இருந்தன. வெட்டினால் உப்பு கரைந்துவிடும் என்று ஈட்டிக்காரர்களைக் காவலுக்கு நிறுத்திவிட்டார். வட்டை என்கிற வயல்வெளி முழுக்க, கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்து நெல் நீருக்குள் அழுகியது. ஒரு விடியலில் நீலாப்போடி மண்வெட்டியோடு தனியே போனார். ஈட்டிகளுக்கு முன்னால் அசையாமல் நின்றார். பிறகு குனிந்து மணலை வெட்டினார். உடைத்துக்கொண்டு பாய்ந்த வெள்ளம் உப்பையும் கொண்டு போனது, ஈட்டிக்காரரையும் கலைத்தது, அவரையும் இழுத்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. கோயிலில் அவருக்கு ஒரு கல் மட்டும் இருக்கிறது. கடற்கரையில் அந்த இடத்தை இன்றைக்கும் "போடியார் நிண்ட இடம்" என்றுதான் சொல்வார்கள். நின்றதுதான் கதையே.

படத்துக்கு அந்தக் காலத்துக் குடிசை ஒன்று கட்டுவதற்காக, கூரை வேயும் கிடுகு ஏற்றிக்கொண்டு வந்தபோதுதான் அவரை முதலில் கண்டோம். கிடுகுக் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு லொறியிலிருந்து அவர் குதித்த விதத்தைப் பார்த்து, சுதன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, போடியார் கிடுகு கொண்டு வாறார்."

நேரே போய்க் கேட்டுவிட்டான். "அண்ணன், நீங்க நடிச்சிருக்கிறீங்களா?"

"கிடுக எங்க இறக்கிற தம்பி? நான் வெளிக்கிடோணும்."

"நீலாப்போடியாரா நடிக்கக் கேக்கன்."

அவர் கட்டைக் கீழே போட்டார். சாறனில் கையைத் துடைத்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அவர் மணல்ல நிண்டவரெல்லா?" என்றார். "நான் லொறி ஓட்டுறவன்." சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அடுத்த நாள் அழைக்காமலே வந்து, "எப்ப தொடங்கிற?" என்று கேட்டார்.

படத்துக்குச் செலவழித்தது கோயில். கோயிலின் தலைவரை எங்கள் பக்கத்தில் வண்ணக்கர் என்போம். எங்கள் வண்ணக்கர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். நல்ல மனிதர், ஆனால் பிடிவாதக்காரர். தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்ததும், அவர் தன்னையறியாமல் கும்பிட்டுவிட்டார். "இனி வேற ஆள் தேவல்ல" என்றார். முதல் படத்தைப் பேஸ்புக்கில் போட்ட அன்று, ஆள் பொருத்தம் என்று பாதிப் பேரும், வயசு கூடிப்போச்சு, கிரான் ஆளுக்கு எங்கட ஊர்ப் போடியாரின் வேசமா என்று மீதிப் பேரும் விடிய விடிய எழுதினார்கள்.

அவருடைய மனைவி மட்டும் என்னிடம் தனியே ஒரு வார்த்தை சொன்னார். அளவுச் சட்டை எடுக்க வீட்டுக்குப் போயிருந்தேன்.

"நடிக்கிறதெல்லாம் நடிப்பார் புள்ள. ஒரு இடத்தில நிக்கச் சொல்லிப் போடாதீங்க. எங்கட கலியாணத்தில தாலியக் கட்டினார், மறுகா ஆளக் காணல்ல. தேடிப் போனா, பின் வளவில வேலியப் பிடிச்சுக்கொண்டு தெருவப் பாத்துக்கொண்டு நிக்கார். இண்டைக்கும் சேட்டப் போட்டுக்கொண்டுதான் படுக்கிற."

"ஏனக்கா அப்பிடி?"

"கேட்டா, வெக்கையா இரிக்கி எண்டுவார். வெக்கைக்கு ஆரும் சேட்டுப் போடுறவங்களா?"

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

படப்பிடிப்பு தொடங்கியபோது பயப்பட ஒன்றும் இல்லைப் போலத்தான் இருந்தது. வரம்பில் நடக்கிறது, ஏர் பிடிக்கிறது, வெள்ளத்துக்குள் இறங்கி அழுகின பயிரைப் பிடுங்கிப் பார்க்கிறது, எல்லாவற்றையும் பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்தவர் மாதிரிச் செய்தார். வன்னியனாரோடு வாதாடுகிற காட்சியை நான் இருவரும் எதிரெதிரே நிற்பதாக எழுதியிருந்தேன். அவர் நடந்துகொண்டே பேசினார். வன்னியனாராக நடித்த மனிதர் அவரைப் பார்ப்பதற்குச் சுற்றிச் சுற்றிக் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. சுதனுக்கு அதுவும் நல்லாகப் பிடித்துப்போனது.

பிறகுதான் மணல்திட்டுக்குப் போனோம்.

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் வெறும் மணல். ஒளிந்துகொள்ள ஒரு பற்றைகூட இல்லை. மூன்று ஈட்டிக்காரர்கள் முன்னால் இருந்து மெதுவாக நடந்து வருவார்கள். அவர் நிற்க வேண்டும். அவர்கள் மிகக் கிட்ட வந்த பிறகு, "வெட்டாட்டி எங்கட வட்டை போகும், நான் வெட்டுறன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

அவரால் முடியவில்லை. சுதன் தொடங்கச் சொன்னதும் நிற்பார். ஈட்டிக்காரர் நடக்கத் தொடங்கியதும் அவருடைய கண் இடப்பக்கம் போகும், வலப்பக்கம் போகும், பின்னால் போகும். பிறகு கால் போகும். ஒரு தரம் கமராவின் சட்டத்துக்கு வெளியிலேயே போய்விட்டார். தான் நகர்ந்ததே அவருக்குத் தெரியவில்லை. "நான் நிண்டன்தானே?" என்று கேட்டார். திரையில் போட்டுக் காட்டினான் சுதன். பார்த்துவிட்டு மணலில் காலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏற ஈட்டிக்காரர்கள் களைத்துப்போனார்கள். குடைக்குக் கீழே கதிரை போட்டு இருந்த வண்ணக்கர் எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார்:

"போடியார் கோழிக் கள்ளன் மாதிரிப் பாக்கார்."

சாப்பாட்டு நேரத்தில் லொறி போகிற சத்தம் கேட்டது. அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் வேலை செய்யவில்லை.

வண்ணக்கர் சும்மா இருக்கவில்லை. மட்டக்களப்பு ரவுனில் உடற்பயிற்சி நிலையம் நடத்துகிற ஒரு வாலிபனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அழகன். மீசை ஒட்டிவிட்டால் பார்க்கிறவர்கள் கண்ணெடுக்கமாட்டார்கள். மணல்திட்டில் நிற்கச் சொன்னோம். நட்ட தூண் மாதிரி நின்றான். ஈட்டி நெஞ்சில் முட்டியது. இமைகூட ஆடவில்லை. வண்ணக்கர் கை தட்டினார்.

சுதன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: "நிக்கான் அக்கா. நிக்கிறதத் தவிர அங்க ஒண்டும் நடக்கல்ல."

இருந்தாலும் பணம் கோயிலுடையது, நாட்களும் போய்க்கொண்டிருந்தன. அந்த மனிதரிடம் போய் வேறு ஆளைப் போடுகிறோம் என்று சொல்லவேண்டும். சுதனுக்கு அதற்கு நெஞ்சு வரவில்லை. என்னைப் போகச் சொன்னான்.

அவர் வீட்டில் இல்லை. கிரான் சந்தியில், செங்கல் ஏற்றிக்கொண்டு வெளிக்கிடுகிற லொறியைக் கண்டு கையைக் காட்டினேன். நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. "ஏறுங்க தங்கச்சி, போய்க்கொண்டே கதைப்பம்" என்றார். ஏறினேன். எந்தப் பக்கம் போகிறோம் என்றே எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் வயல். பாதையெல்லாம் பள்ளம். செங்கற்கள் பின்னால் ஒன்றோடொன்று இடிபட்டுச் சத்தம் போட்டன. எப்படித் தொடங்குவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே தொடங்கினார்.

"வேற ஆளப் பாத்திட்டீங்களாம். நல்லம். எனக்கு அது வராது."

"அண்ணன், நீங்க ஒருக்கா முயற்சி செஞ்சா..."

"நிண்டவங்க ஒருத்தரும் இப்ப இல்ல தங்கச்சி. ஓடின நான் இரிக்கன்."

ஒரு பள்ளத்தைச் சுற்றி லொறியைத் திருப்பினார். பிறகு, வேறு யாரோ ஒருவருடைய கதையைச் சொல்வது மாதிரி, றோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தச் சண்டைக் காலத்தில, ஒரு நாள் ஆமி வந்து எல்லா ஆம்பிளையளையும் பள்ளிக்கூட வளவுக்கு வரச்சொன்னாங்க. அண்ணனும் நானும் வயலுக்க வேலையா நிண்டம். அண்ணன் சொன்னான், நாம என்ன பிழை செஞ்ச, ஓடினாத்தான் சந்தேகப்படுவாங்க, போய் நிண்டுபோட்டு வருவம் எண்டு. அவன் போய் நிண்டான். நான் போற மாதிரிப் போய்ப் பின்பக்கத்தால வட்டைக்க இறங்கிட்டன்."

"மறுகா?"

"மறுகா என்ன. மறுகா அண்ணன் வரல்ல. ஒருத்தரும் வரல்ல."

கியரை மாற்றினார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் ஒரு வளவுக்கு முன்னால் லொறி மெதுவாகியது. வாசலில் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தார். அறுபதுக்குக் கிட்ட வயதிருக்கும். லொறியைக் கண்டதும் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

"மதினி," என்றார். "அண்ணன்ட பொஞ்சாதி. கலியாணம் முடிச்சு ஒரு வருசம்கூட ஆகல்ல அப்ப. ஒவ்வொரு வெள்ளாமைக்கும் நெல்லு மூடை கொண்டுவந்து கடப்படியில இறக்கிட்டுப் போவன். எடுப்பா. கதைக்கிறல்ல."

"எவ்வளவு காலமா?"

"அண்டையில இரிந்து." வேகத்தைக் கூட்டினார். "நிக்கிற வேசம் என்ட இல்ல தங்கச்சி. அது அண்ணன்ட. சுதன் தம்பிட்டச் சொல்லுங்க, நான் கோவிக்கல்ல எண்டு."

திரும்பி வந்து சுதனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அந்த இரவு வண்ணக்கர் வீட்டுக்குப் போய் என்ன கதைத்தானோ தெரியாது. இன்னும் ஒரு காலைநேரம் தாறன், அதிலயும் சரிவராட்டி ரவுன் பொடியன்தான் என்று வண்ணக்கர் சொல்லிவிட்டார். கிரானிலிருந்து அவரைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தது அவருடைய மனைவி.

அன்றைக்குக் காற்று கடுமையாக அடித்தது. சேட்டைக் கழற்றி எங்கள் கூடாரத்தில் தொங்கவிட்டு, வேசம் கட்டிக்கொண்டு போய் மணல்திட்டில் நின்றார். சுதன் அவரிடம் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. கமராவை ஓடவிட்டான். ஈட்டிக்காரர்கள் நடந்தார்கள். அவர் நின்றார். கண் இடப்பக்கம் போனது, வலப்பக்கம் போனது. முதல் நாளை விடக் கூட நேரம் நின்றார் என்றுதான் சொல்லவேண்டும். முகம் வியர்த்து ஒழுகியது. மார்பு ஏறி இறங்குவது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. நடிப்பைப் பார்க்கிற மாதிரியே எனக்கு இருக்கவில்லை. நிப்பாட்டு என்று சுதனிடம் சொல்ல வாயெடுத்தேன்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவர் ஓடினார்.

அந்த வயதில் அப்படி ஒரு ஓட்டத்தை நான் கண்டதில்லை. மணல் தெறிக்க, தலைப்பாகை அவிழ்ந்து பின்னால் பறக்க, லொறி நின்ற பக்கமாக ஓடித் தூரத்துச் சவுக்குமரங்களுக்குள் மறைந்துவிட்டார். ஈட்டிக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வண்ணக்கர் கதிரையை விட்டு எழுந்தார். "முடிஞ்சிது," என்றார். சுதன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். கமராவை நிறுத்தவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

லொறி ஸ்டாட் ஆகும் என்று காத்திருந்தோம். ஆகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சவுக்குமரங்களுக்குள் இருந்து அவர் வெளியே வந்தார். இப்போது நடந்துதான் வந்தார். வாயால் மூச்சு வாங்கியது. கால் மணலில் புதைந்தது. கூடாரப் பக்கம் திரும்பியவர், அத்தனை பேரும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு மணல்திட்டுக்கு வந்தார், மண்வெட்டியை எடுத்தார், ஈட்டிக்காரர்களை ஏறிட்டும் பார்க்காமல் வெட்டத் தொடங்கினார். என் வசனத்தைச் சொல்லவில்லை. வெட்டினார், வெட்டினார், வெட்டிக்கொண்டே இருந்தார். ஈட்டிக்காரர்களில் ஒருவன் தானாகவே ஈட்டியைக் கீழே இறக்கிவிட்டான். அப்படி நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

சுதன் அழுதுவிட்டான். பிறகு நான் அவருக்குத் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்து, ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"லொறித் திறப்பு சேட்டுக்க கிடந்திச்சு," என்று கூடாரத்தில் சாவியோடு தொங்கிய சேட்டைக் காட்டினார். "எடுக்கத்தான் வந்தன்."

"அப்ப ஏன் எடுக்கல்ல?"

தண்ணீரைக் குடித்து முடித்தார். "நீங்களெல்லாம் பாத்துக்கொண்டு நிண்டீங்க," என்றார். "நான் வெளிக்கிடட்டா?"

சுதன் அந்த ஓட்டத்தை அப்படியே படத்தில் வைத்தான். வண்ணக்கருக்கும் அவனுக்கும் பெரிய சண்டை.

"ஊரே கும்பிடுற கல்லுக்கு முன்னால, போடியார் ஓடினார் எண்டு காட்டப் போறியா? அவர் நிண்டவர். அந்த இடத்துக்கே அதுதான் பேர்."

"ஓடிப்போட்டுக் கிறுகி, திரும்பி வந்து நிண்டிருக்கக்கூடாதா ஐயா?"

"ஆரு கண்ட?"

"நிண்டத மட்டும் ஆரு கண்ட?"

நான் எழுதிய வசனங்களை விட அது நல்ல வசனம். கடைசியில் வண்ணக்கர்தான் ஒரு வழி சொன்னார். கோயில் வளவில் சனத்துக்குப் போட்டுக் காட்டுவோம், சனம் வேண்டாம் என்றால் ஓடுகிற பகுதியை வெட்ட வேண்டும்.

பொழுதுபட்டதும் பூசை முடிந்து, வெள்ளைத் துணி கட்டிப் படத்தைப் போட்டோம். கிரானிலிருந்தும் ஒரு வான் நிறையச் சனம் வந்திருந்தது. அவருடைய மனைவி, தன்னோடு ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து முன் பாயில் இருத்தினார். அன்றைக்கு விளக்குமாற்றோடு பார்த்த அந்த மதினிதான் என்று பிறகே எனக்குத் தெரிந்தது. படத்தில் நடித்திருப்பது யார் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தாரா என்று எனக்குத் தெரியாது. நடித்தவர் மட்டும் உள்ளே வரவில்லை. கோயில் வளவுக்கு வெளியே றோட்டோரத்தில் நின்று தலைகளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடியதும் பின்வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது. "டேய், போடியார் ஓடுறார்டா!" சிரிப்பு எழுந்தது. கிழவர் ஒருவர், "நிப்பாட்டு, நிப்பாட்டு" என்று கத்தினார். வண்ணக்கர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆனால் திரையில் வெறும் மணல் மட்டும் கிடந்தது. காற்று வீசிக்கொண்டிருந்தது. ஈட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அது நீண்டுகொண்டே போக, சிரிப்பு ஓய்ந்தது. தூரத்தில் ஒரு மனிதன் மரங்களுக்குள்ளிருந்து வெளிப்பட்டான்.

படம் முடிந்தும் ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஓடினவரை எப்படிக் கும்பிடுவது என்று ஒரு பக்கம். கிறுகி வந்தார்தானே என்று இன்னொரு பக்கம். இந்த ஆள் போடியாருக்குச் சரிவராது, அந்த முகத்தில் பயம் இருக்கிறது என்றது ஒரு குரல். பயமில்லாமல் ஈட்டிக்கு முன்னால் நீ போவாயா என்று ஒரு பெண் அதற்குத் திருப்பிக் கேட்டாள். வண்ணக்கர் கையை உயர்த்திக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டார். அடுத்த நாள், ஒன்றையும் வெட்டவேண்டாம் என்று சுதனுக்கு ஆள் அனுப்பியிருந்தார். காரணம் சொல்லவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு கோயில் சடங்குக்கும் முழுப் படத்தையும்தான் போடுகிறார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் மதினி எழுந்து வெளியே போனதைக் கண்டேன். மனம் நொந்துதான் போகிறார் என்று நினைத்துப் பின்னால் போனேன்.

றோட்டோரத்தில் நின்றவர் ஏற்கெனவே லொறியில் ஏறி எஞ்சினையும் ஸ்டாட் பண்ணியிருந்தார். மதினி லொறிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். விளக்கு வெளிச்சம் அவருடைய சேலையில் விழுந்தது. அவர் விலகவில்லை. லொறி நகர முடியாமல் உறுமிக்கொண்டு நின்றது.

"மச்சான், எஞ்சின நிப்பாட்டுங்க. எனக்குக் கேக்கல்ல."

எஞ்சின் நின்றது. அவர் இறங்கினார். ஒரு கை கதவிலேயே இருந்தது.

"அண்டைக்கு," என்றார் மதினி. "நீங்க கிறுகி வந்த நீங்களா?"

அவர் றோட்டின் இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் பார்த்தார்.

"வந்தன். வேலி மட்டும் வந்தன்."

"பள்ளிக்கூட வேலி?"

"ஓம். வாய்க்காலுக்க படுத்துக் கிடந்திட்டு, மனம் கேக்காம வரம்பால வந்தன். அண்ணன் வரிசையில நிண்டான். என்னக் கண்டுட்டான். கண்டுட்டு மற்றப் பக்கம் முகத்தக் கிறுக்கிட்டான். அவனுகள் அந்தப் பக்கம் பாக்கட்டும் எண்டு. நான் மறுபடியும் ஓடிட்டன் மதினி."

மதினி அசையவில்லை. "அடிச்சிருந்தாங்களா?"

"இல்ல. அப்ப இல்ல."

"சேட்டு? வயலுக்க இரிந்து வெறும் மேலோடதான் போனவர்."

"ஆரோ தன்ட சேட்டக் குடுத்திரிந்தாங்க. வெள்ளச் சேட்டு. அவனுக்குப் பெரிசு, கையெல்லாம் மடிச்சு விட்டிரிந்தான்."

"வாகனத்தில நடந்தா ஏறினவர்?"

"நடந்துதான் ஏறினவன். ஏறிப்போட்டு, பின்னால வந்த ஒரு வயசாளிக்குக் கை குடுத்துத் தூக்கிவிட்டான். ஓடின நான் வரம்பில இரிந்து கிறுகிப் பாத்து அவ்வளவும் கண்டன். மறுகா வாகனத்தப் பூட்டிட்டாங்க."

உள்ளே கோயில் வளவில் இன்னும் வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் பேசியபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது.

"இத ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்ல மதினி. நான் நிக்கவுமில்ல."

மதினி லொறியைச் சுற்றிவந்து அவருக்கு முன்னால் றோட்டோரத்துக் கல்லில் இருந்துகொண்டார். அவருக்கும் பக்கத்தில் இடம் காட்டினார். கதவிலிருந்து கை எடுபட்டது.

"இன்னொருக்காச் சொல்லுங்க," என்றார் மதினி. "வரம்பால வந்ததில இரிந்து. அவர் நிண்ட இடம், பக்கத்தில ஆரார் நிண்ட, எல்லாம்."

அவரும் அந்தக் கல்லில் இருந்தார். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். நான் மெல்ல உள்ளே போய்விட்டேன்.